ஆத்தங்கரையில ஓட்டல் வச்ச தம்பிக்கு

அம்பாசமுத்திரத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவுல, வாழத்தோப்பு நின்ன எடத்துல பத்துப் பன்னெண்டு ரூமு போட்டு பூட்டிக் ஓட்டல்னு ஒண்ணு கட்டிட்ட. சந்தோசம் தம்பி. ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்க மூணு கோட்ட நெல்லு வெல ஆகுதாம்லா, ஊருக்குள்ள பேசுதாவ. நான் வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்னு நெனச்சிராத. இந்த வயசுல வயித்துல எரியுததுக்கு என்ன கெடக்கு? மாத்திரதான் கெடக்கு. துட்டு குடுத்து புத்தி சொல்ல மெட்ராஸ்ல ஆள் வச்சிருக்கியாம். நான் சும்மா சொல்லுதேன். சும்மா கெடைக்கதுக்கு மரியாத கெடையாதுன்னு எனக்கும் தெரியும், ஆனாலும் வாய் நிக்க மாட்டேங்கு.

ஊருக்குள்ள வந்த ஓட்டலு வீட்டோட வந்த மாப்பிள்ள கணக்கு, பாத்துக்கிடு. மாப்பிள்ளைக்கு மரியாத உண்டு, வட பாயாசம் உண்டு. ஆனா அடுப்பு எந்த மூலையில இருக்கணும், மாட்ட எங்கன கட்டணும்னு மூணாம் நாளே அவரு உத்தரவு போட்டாருன்னா மாமனாரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சிருவாரு. நீ வந்த மூணாம் நாளு என்ன செஞ்ச? படித்துறைக்குப் போற பாதையில வேலியப் போட்ட.

என்னப்பா இதுன்னு கேட்டா, 'கெஸ்டுக்கு ப்ரைவசி வேணும் தாத்தா'ங்க. ரொம்பச் சரி. விடியக்காலம் பொம்பளையோ குளிச்சு ஈரச்சீலையோட படியேறி வாராவளே, அவியளுக்கும் அந்த எழவு ப்ரைவசி வேணும்லா? ஓம் மாடியில ஒரு ஆளு முழ நீளத்துக்குக் கொழா வச்ச கேமராவப் புடிச்சுக்கிட்டு நிக்கான். கேட்டா மீன்கொத்திய எடுக்கானாம். மீன்கொத்தி என்னைக்குடே படித்துறையில உக்காந்து மஞ்ச தேச்சுக் குளிச்சுது?

வெளம்பரத்துல 'தனி ஆற்றங்கரை'ன்னு வேற போட்டிருக்கியாம், பேரன் போன்ல காட்டுனான். ஆறு புறம்போக்கு தம்பி. சர்க்கார் கணக்குல அப்படித்தான் எழுதிருக்கு. ஓம் பட்டா கரையோட சரி. பொதிகையில இருந்து புன்னக்காயல் வரைக்கும் ஊரு ஒலகமெல்லாம் குளிக்குத தண்ணியில, ஒனக்கு மட்டும் நாப்பது அடி தனியா ஓடுதாக்கும்? வேலியப் பிரிச்சிரு. பிரிக்க மனசு வரலியா, ஒரு கேட்டப் போட்டு சாவிய நம்ம கீழத்தெரு ஆச்சி கையில குடுத்திரு. ஓம் விருந்தாளி குளிக்கணும்னா ஆச்சிகிட்ட கேட்டு வாங்கிக்கிடட்டும். ஆச்சி குடுப்பா. குடுக்கதுக்கு முன்னால எந்த ஊரு, என்ன சோலி, எத்தன புள்ளைய, மூத்தவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகல, எல்லாம் விசாரிச்சிருவா. ஊர்ச்சனத்தோட பழகணும்னுதான அவன் துட்டு குடுத்து வாரான்? பழகட்டுமே.

இந்த ஆத்தப் பத்தி ஒரு சங்கதி கேளு. காவேரிக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தண்ணி வரலன்னா கர்நாடகாவ நாலு ஏச்சு ஏசிட்டுப் படுத்துக்கிடலாம். நமக்கு அந்தக் குடுப்பின இல்ல. தாமிரபரணி பொறக்கதும் இங்கனதான், கடல்ல விழுததும் இங்கனதான். தமிழ்நாட்டத் தாண்டி ஒரு அடி போகாது. அதனால தண்ணி கெட்டுதுன்னா நாமதான் கெடுத்திருக்கோம், ஏசுததுக்கு அசலூர்க்காரன் கெடையாது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர்னு ஏழு அணையள அந்தக் காலத்து ஆளுவ கட்டிருக்கான். எட்டாவது ஸ்ரீவைகுண்டத்த மட்டும் வெள்ளக்காரன் கட்டுனான். இப்பம் எனக்கு ஒரு சந்தேகம். ஓம் ஓட்டல்ல குளிச்ச தண்ணி, தொவைச்ச தண்ணி, சொல்லக் கூசுத தண்ணி எல்லாம் எந்த அணையில போய் நிக்குதுன்னு யாரையாவது கேட்டியா? அரியநாயகிபுரத்துல நிக்கும். அங்கன இருந்து குழா போட்டு திருநெல்வேலி டவுனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு போறாவ. ஓம் மேனேசரு டவுனுலதான குடியிருக்காரு? காலம்பற காப்பி எப்படி மணக்குதுன்னு அவர்ட்ட ஒரு வார்த்த கேளு.

தொட்டி கட்டிருக்கேன், மிசின் வச்சிருக்கேன்னு சொல்லுவ. கட்டிருக்க, நானும் பாத்தேன். கரண்டு பில்லு கூட வருதுன்னு அத ஓட விடுததில்லன்னும் ஓம் தோட்டக்காரன் சொன்னான். நான் ஒண்ணும் சொல்லல. சுத்தம் பண்ணுன தண்ணிய வாழைக்கு விடு, செம்பருத்திக்கு விடு. ஆத்துக்கு வேண்டாம். ஆறு ஒங்கிட்ட தண்ணி கேட்டு வரல.

இதுல ஒரு வேடிக்க பாரு. போன தையில 'நதியைக் காப்போம்'னு ஒரு நாளு வச்ச. கையுறை, தொப்பி, ஆளுக்கொரு மஞ்ச பனியன். அரை மணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்குனாவ, ஒன்றரை மணி நேரம் போட்டோ புடிச்சாவ, அப்புறம் காயிதக் கப்புல காப்பி குடிச்சாவ. மறுநா பாத்தா அந்தக் கப்பும் பிளக்ஸ் பேனரும் ஆத்துல மெதக்கு. பேனர எங்க வீட்டுக்காரி எடுத்துட்டு வந்து கோழிக்கூட்டுக்கு மேல கெட்டிட்டா. இப்பம் எங்க கோழியோ நதியக் காக்குதுவ.

ஒன்ன மட்டும் சொல்லுவானேன். பாவநாசத்துல போய் பாரு. பரிகாரம்னு உடுத்துன துணிய ஆத்துல விட்டுட்டு வாரான். ஆடி அமாவாசை முடிஞ்சா டன் கணக்குல துணிய வாருதாவ. பாவத்த ஆத்துல விட்டா பாவம் போகுமோ போகாதோ, சீல போகாது, கல்லுல சுத்திக்கிட்டுக் கெடக்கும். ஓம் ஓட்டல்ல தங்கிட்டு பாவநாசம் போறவங்ககிட்ட காரு ஏறுதப்பமே சொல்லி அனுப்பு: 'ஐயா, போன துணியோட திரும்பி வாங்க.' அது ஒண்ணு செஞ்சன்னா போதும், மஞ்ச பனியன் செலவு மிச்சம்.

அடுத்தது பத்தமடைப் பாயி. ஆத்தங்கரைக் கோரையக் காய வச்சு, தண்ணியில ஊறப் போட்டு, திரும்பக் காய வச்சு, நூலு நூலாக் கீறி நெய்யுதாவ. பட்டுப்பாயின்னா சீலையாட்டம் மடிச்சு வச்சுக்கிடலாம். மாப்பிள்ள பொண்ணு பேரு போட்டு கல்யாணத்துக்கு நெய்யச் சொல்லி வாங்குவாவ. ஒரு பாயி முடிய வாரக்கணக்குல ஆகும், இடுப்பு போயிரும். நெய்யுததுல முக்காவாசி முஸ்லிம் பொம்பளையோதான். புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அந்தப் பாய நீ எங்க போட்டிருக்க? பாத்ரூம் வாசல்ல, கால் தொடைக்க. நான் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். பாயி கீழ கெடந்தாலும் நாம மிதிக்கதுக்கும் ஒரு கணக்கு இருக்குல்லா தம்பி.

அதோட விட்டியா? நெய்யுத பொம்பளைய ஒன் வரவேற்பு ஹால்ல உக்கார வச்சு, பத்து மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் விருந்தாளிக்கு 'லைவ்'வா நெய்து காட்டச் சொல்லிக் கேட்டியாம். நல்ல யோசன. அதுக்குப் பதிலு நீயும் ஒரு நா ஓம் கல்லாப்பெட்டியத் தூக்கிட்டுப் பத்தமடைக்குப் போ. தெருவுல உக்காந்து 'லைவ்'வா துட்டு எண்ணிக் காட்டு. அவியளும் பாக்கட்டும், கை தட்டட்டும், எண்ணுதப்பம் 'கொஞ்சம் சிரிங்க சார்'னு போட்டோ எடுக்கட்டும். வேண்டாம்னா, விருந்தாளிய அவிய வீட்டுக்கு அனுப்பு. கேட்ட வெலைக்குப் பாய வாங்கிக்கிடு. மூணு மாசம் கழிச்சுச் செக்கு குடுக்காம அன்னைக்கே துட்டக் குடு. சமூகப் பங்களிப்புன்னு ஒரு பெரிய வார்த்த ஒன் சொவத்துல எழுதிருக்கே, அதுல பாதி இந்த அன்னைக்கே குடுக்க துட்டுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதுல நான் கொஞ்சம் கூடப் பேசுவேன், பொறுத்துக்கிடு. காலம்பற ஓம் ஓட்டல்ல பால்ல மக்காச்சோளத் தகடு ஊறப் போட்டுத் தின்னுதாவ. காச்சக்காரனுக்குக் கூட நாங்க அப்படிக் குடுக்கமாட்டோம். திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவனுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் போடு. கூட்டாஞ்சோறு போடு. சொதி வையி. சொதி சாதாரணப்பட்ட கொழம்பு இல்ல. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வார மாப்பிள்ளைக்கு பொண்ணு வீட்டுக்காரன் போடுத சாப்பாடு அது. தேங்காப் பாலு மொத பாலு, ரெண்டாம் பாலுன்னு பிரிச்சு எடுக்கணும், பாசிப்பருப்பு கொழையணும், காய்கறி கொழையக் கூடாது, கூட இஞ்சித் தொவையலு. இத ஒஞ் சமையக்காரன் 'தேங்காய்ப்பால் சூப்'புன்னு உள்ளங்கை அளவு கிண்ணத்துல ஊத்தி, மேல ஒரு எல கிள்ளிப் போட்டு, முந்நூறு ரூவான்னு எழுதிருக்கான். அந்தக் கிண்ணத்த எங்க ஊரு மாப்பிள்ளைக்குக் குடுத்திருந்தா அன்னைக்கே சம்பந்தம் முறிஞ்சிருக்கும்.

ஊர்ல கை மணக்கச் சமைக்க ஆச்சிமாரு எத்தன பேரு வீட்ல மருமகட்ட ஏச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காவ! முறை வச்சுக் கூப்புடு. ஆளுக்கு ரெண்டு நாளு. சம்பளம் குடு. 'ஆச்சியுடன் ஒரு நாள்'னு பேரு வச்சு விருந்தாளிட்ட ரெண்டாயிரம் வாங்கிட்டு, ஆச்சிக்கு ஒரு சால்வயப் போத்தி அனுப்பிராத. இந்த வெயில்ல அவ சால்வய வச்சுக்கிட்டு என்ன செய்வா?

வேலைக்கு ஆள் எடுத்ததப் பத்தி ஊர்ல மனத்தாங்கல் உண்டு. மேனேசரு வெளியூரு, கணக்கு வெளியூரு, கம்ப்யூட்டரு வெளியூரு. நம்ம ஊருப் பயலுக்கு வாச்மேன் வேல. அதும் செகப்புத் தலப்பாக் கெட்டி, மீசைய முறுக்கி, ராஜஸ்தான் ராசா வேசத்துல நிறுத்திருக்க. பி.காம். படிச்ச பய. ராத்திரி வீட்டுக்குப் போனா அவன் பெத்த புள்ள அடையாளம் தெரியாம அழுது. தலப்பாவக் கழட்டி வச்சுட்டு கணக்குப் புஸ்தகத்த அவன் கையில குடுத்துப் பாரு. களவு போகாது. போச்சுன்னாலும் அவன் வீடு எங்கன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரன் எடுத்துட்டுப் போனா எங்க போய் தேடுவ?

பறவை பாக்க வாரவிய நெறைய உண்டுங்க. நல்லவிய, சத்தம் போடாத சனம். பக்கத்துல திருப்புடைமருதூர்ல மரத்துல அடையுத பறவையள ஊர்க்காரனே காவந்து பண்ணி, 2005ல சர்க்காரு அதப் பறவைக் காப்பகமா அறிவிச்சாவ. நாட்டுலயே அந்த வகையில அதுதான் மொத எடம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துல வீட்டு வேப்பமரத்துலயே கொக்கும் நாரையும் கூடு கட்டும். எச்சம் தலையில விழுந்தா தொடச்சுக்கிட்டுப் போவான், வெரட்ட மாட்டான். தீவாளிக்கு அங்கன வெடிச்சத்தம் கேக்காது. அந்த ஊருச் சின்னப் புள்ளைக்கு இருக்க பொறும, ஓம் ஓட்டல்ல எறங்குன கல்யாணக் கோஷ்டிக்கு இல்லியே? ராத்திரி பதினோரு மணிக்கு ஆத்து நடுவுல நின்னு வானவேடிக்க விட்டாவ. மறுநா அதே ஓட்டல்ல 'காலை ஆறு மணிக்குப் பறவை நோக்கல்'னு பலகை. எந்தப் பறவைய நோக்கவோ?

வருசா வருசம் சனவரியில குளத்துப் பறவையள எண்ணுதாவ. மணிமுத்தாறுல இருக்க அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம்னு ஒரு அமைப்பு 2011ல இருந்து நடத்திக்கிட்டு வருது. பள்ளிக்கூடத்துப் புள்ளையோ, வாத்திமாரு எல்லாம் போறாவ. ஓம் விருந்தாளியளையும் கூட்டிட்டுப் போ. குளத்து வரப்புல நின்னு எண்ணிப் பழகட்டும். இதுல கொறை சொல்ல எனக்கு ஒண்ணும் தோணல, என்ன செய்ய?

அப்புறம் வெள்ளம். ஆத்தப் பாத்த ரூமுக்கு ஆயிரம் ரூவா கூட வாங்குதியாமே. ஐப்பசி கார்த்திகையில பாவநாசம் அணை 143 அடிய எட்டிட்டுன்னா ஆறு தானே வந்து ஓம் ரூமப் பாக்கும், அதுக்கு எம்புட்டு வாங்குவ? 1992ல வந்துது. 2023 டிசம்பர் 17, 18ல வந்தது ஒனக்கே தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு. குறுக்குத்துறை முருகன் கோயிலு ஆத்துக்குள்ளயே நிக்குது. வெள்ளம் வருதுன்னு தாக்கல் வந்ததும் உற்சவர எடுத்துக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போயிருவாவ. தண்ணி வடிஞ்சதும் கழுவி விட்டுட்டுத் திரும்பக் கொண்டாந்து வைப்பாவ. சூரனையே செயிச்ச சாமி, தண்ணியோட மல்லுக்கு நிக்காம படியேறிப் போறாரு. நீ என்னடான்னா ஆத்துக்குள்ள நீட்டி ஒரு மரத்தளம் போட்டு அதுல மேசையும் நாக்காலியும் ஆணி அடிச்சு வச்சிருக்க.

அதே வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயிலு நின்னு போச்சுல்லா? தண்டவாளத்துக்கு அடியில மண்ண அரிச்சிட்டுப் போயிட்டு. நூத்துக்கணக்கான சனம் உள்ள. ஹெலிகாப்டரு வாரதுக்கு முன்னால பக்கத்து ஊருக்காரன் தண்ணிக்குள்ள நடந்து போய்ச் சோறு பொங்கிப் போட்டான். அவன் வீட்டுக்குள்ளயும் அன்னைக்கு தண்ணிதான். அவன் சொவத்துல 'விருந்தோம்பல்'னு எழுதிப் போடல, ஸ்டார் கணக்கும் கெடையாது. ஓம் மாடி ஹாலு எரநூறு பேரு உக்காருத எடம், ஜெனரேட்டரு உண்டு, பெரிய பெரிய பாத்திரம் உண்டு. அடுத்த தடவ தண்ணி ஏறும்போது கேட்டு தொறந்திருக்குமா, இல்ல வாச்மேன் தலப்பாவோட மறிச்சு நிப்பானான்னு ஊரு பாத்துக்கிட்டிருக்கு. ஐப்பசி பொறக்கதுக்கு முன்னாலயே ரெண்டு மூட்ட அரிசி வாங்கிப் போட்டு, 'தண்ணி வந்தா எல்லாரும் மாடிக்கு வாங்க'ன்னு ஒரு வார்த்த ஊர்க்கூட்டத்துல சொல்லிப் பாரு. அதுக்கப்புறம் ஒன் ஓட்டலப் பத்தி எவனாவது கொறை சொன்னா நானே கம்பத் தூக்கிட்டு வாரேன்.

கடைசியா கொடை. சுடலமாடன் கோயில் கொடைன்னா சும்மா இல்ல. வில்லுப்பாட்டு உண்டு, மகுடம் அடிச்சுக் கணியான் கூத்து உண்டு. நடுச்சாமத்துல சாமி தீப்பந்தம் எடுத்துக்கிட்டு மயானத்துக்கு வேட்டைக்குப் போகும், ஓம் மதிலு ஓரமாத்தான் போகும். போன வருசம் ஓம் விருந்தாளி ஒருத்தரு சத்தம் தாங்கலன்னு நூறுக்குப் போன் போட்டாராம். போலீசும் வந்துது. வந்த ஏட்டையாவுக்கு அதே சாமிதான் குலசாமி. துண்ட இடுப்புல கெட்டிக்கிட்டு அவரும் முன்னால நின்னுட்டாரு. இதே விருந்தாளிக்கு அதுக்கு மொத நா நீ ஓம் ஹால்ல பத்து நிமிசம் வில்லுப்பாட்டு போட்டுக் காட்டுன, கை தட்டுனாரு. பத்து நிமிசம் ரசிச்சாரு, பத்து மணி நேரம் பொறுக்க முடியல. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன், நீ முன்கூட்டியே சொல்லிருக்கணும். ரூமு எடுக்குதப்பமே 'இந்த ரெண்டு ராத்திரி தூக்கம் கெடையாது, சாமி வருவாரு'ன்னு சொல்லு. பாதிப் பேரு ஓடுவான். மீதிப் பேரு அதுக்குன்னே வருவான், ரேட்டும் கூடக் குடுப்பான். எந்தக் கன்சல்டன்ட்டாவது இத ஒனக்குச் சொன்னானா?

இந்த வருசக் கொடைக்கு நாள் வச்சாச்சு. தலைக்கட்டு வரி எல்லாருக்கும் ஒண்ணுதான், ஓட்டலுக்குன்னு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நன்கொட குடுக்கேன், பேரு போட்டு பெரிய போர்டு வையுங்கன்னு வராத. அது வேற கணக்கு, அதுக்கு ஆளு நெறைய இருக்கான். வரி குடுத்தவனுக்குத்தான் ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுப் பேச உரிம. நோட்டுல கீழத்தெரு முடிஞ்சு ஒரு வரி வெறுசா விட்டு வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து கட்டிரு. ரசீது வாங்காமப் போயிராத.